ஜெர்மனியில் படிக்கும்போது வரும் கிறிஸ்துமஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகலை படிக்க ஜெர்மனிக்கு வந்து நான்கு டிசம்பர்களைப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு வருடமும் நவம்பர் நடுவில் புதிதாக வந்த தம்பி தங்கைகளிடமிருந்து அதே கேள்விகள் வரும், நானும் அதே பதில்களைத் தட்டச்சு செய்து அனுப்புவேன். இந்த முறை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

அக்கா, கிறிஸ்துமஸ் 25 தானே? இங்கே எல்லாரும் 24, 24 என்றே சொல்கிறார்களே?

அரசு விடுமுறை 25, 26 இரண்டு நாள்தான். 24 சட்டப்படி வேலை நாள். ஆனால் பண்டிகை என்பது 24 சாயங்காலம்தான். அதற்கு ஹைலிகாபெண்ட் என்று பெயர், புனித மாலை என்று வைத்துக்கொள்ளலாம். பரிசு கொடுப்பது, மரத்தில் விளக்கேற்றுவது, வீட்டோடு உட்கார்ந்து சாப்பிடுவது எல்லாம் அன்று இரவே முடிந்துவிடும். 25 பெரிய விருந்து, 26 மிச்சமிருக்கும் சொந்தக்காரர்கள் வீடு.

ஒன்றை முதலிலேயே புரிந்துகொள்ளுங்கள், பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் பதில். இது தெருவில் நடக்கிற பண்டிகை இல்லை, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் நடப்பது. 24 மாலை 5 மணிக்கு வெளியே வந்து பார்த்தால் இருட்டில் ஒரு ஈ காக்கா இருக்காது, ஜன்னல்களில் மட்டும் வெளிச்சம் இருக்கும். தெருக் கொண்டாட்டமெல்லாம் அதற்கு முந்தைய நான்கு வாரங்களோடு சரி.

அந்த நான்கு வாரத்தில் என்ன நடக்கும்? எனக்கு எந்தத் தேதியும் புரியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் அட்வென்ட். பைன் இலையில் வளையம் கட்டி அதில் நான்கு மெழுகுவர்த்தி வைத்து, வாரம் ஒன்றாக ஏற்றுவார்கள். ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்திய யோஹான் வீக்கர்ன் என்ற பாதிரியார் 1839-இல் தொடங்கிவைத்தது. கிறிஸ்துமஸ் எப்போது வரும், எப்போது வரும் என்று பிள்ளைகள் நச்சரித்ததால், முதலில் நாளுக்கு ஒன்றாக ஏற்ற ஒரு மரச்சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்தார் என்று சொல்வார்கள். 24 சின்னக் கதவுள்ள சாக்லேட் நாட்காட்டியும் அதே காத்திருப்புக்காகத்தான்.

டிசம்பர் 5 இரவு, நீங்கள் வேகேயில் இருந்தால், அதாவது நாலைந்து பேர் சேர்ந்து எடுத்த வீட்டில் இருந்தால், உங்கள் ஷூவைத் துடைத்து அறை வாசலில் வையுங்கள். 6-ஆம் தேதி நிக்கோலௌஸ் நாள், காலையில் அதில் மாண்டரின் ஆரஞ்சும் வால்நட்டும் சாக்லேட்டும் இருக்கும். எனக்கு இது தெரியாது. முதல் வருடம் வாசலில் கழற்றிப் போட்டிருந்த மழைச் சேறு படிந்த ஷூவிலேயே யாரோ சாக்லேட்டைக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார்கள். நீங்களும் மற்றவர்கள் ஷூவில் ஏதாவது போடுங்கள், 3 யூரோகூட ஆகாது, அந்த வீட்டில் உங்கள் நிலைமையே மாறிவிடும்.

அப்புறம் விக்டெல்ன். சீட்டுக் குலுக்கிப் போட்டு, யார் பெயர் வருகிறதோ அவருக்கு ரகசியமாகப் பரிசு வாங்குவது. 5 அல்லது 10 யூரோ என்று வரம்பு சொல்வார்கள், அந்த வரம்பைத் தாண்டாதீர்கள். தாராளமாகச் செய்கிறோம் என்று நாம் நினைப்போம், வாங்கியவருக்குச் சங்கடமாகிவிடும்.

கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போக டிக்கெட் வேண்டுமா? எவ்வளவு செலவாகும்?

பெரும்பாலான ஊர்களில் நுழைவுக் கட்டணமே கிடையாது. ட்ரெஸ்டனின் ஷ்ட்ரீட்சல் சந்தை 1434-இல் தொடங்கியது, நியூரம்பர்க் சந்தையும் பெயர் பெற்றது, ஆனால் உங்கள் சின்ன ஊர்ச் சந்தையே போதும், அங்கேதான் நின்று பேச இடம் இருக்கும். வார நாளில் இருட்டத் தொடங்கும்போது, அதாவது மாலை 4 மணிக்கு, போங்கள். சனிக்கிழமை போனால் நெரிசலில் முதுகுகளைத்தான் பார்ப்பீர்கள்.

க்ளூவைன் என்ற சூடான மசாலா ஒயின் ஒரு கோப்பை 4, 5 யூரோ இருக்கும், அதற்கு மேல் கோப்பைக்கு 3 யூரோவிலிருந்து 5 யூரோ வரை ஃபான்ட் என்ற முன்பணம் வாங்குவார்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் கைக்கு வரும், அதைக் கூடுதல் விலை என்று நினைத்துப் பயந்து வாங்காமல் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பல சந்தைகள் 23 அல்லது 24 மதியத்தோடு மூடிவிடும், கடைசி வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

கடையெல்லாம் உண்மையாகவே மூடிவிடுவார்களா? ஒன்றுமே கிடைக்காதா?

ஆமாம், உண்மையாகவே. 24 மதியம் 2 மணிக்கு மேல் கடை திறந்திருக்கக் கூடாது என்பது சட்டம். 25, 26 விடுமுறை. அதோடு ஞாயிறு ஒட்டிக்கொண்டால் கதை நீளும். 2026-இல் 24 வியாழன், 25 வெள்ளி, 26 சனி, 27 ஞாயிறு, ஆக வியாழன் மதியம் மூடினால் திங்கள் காலைதான் திறப்பார்கள்.

முதல் வருடம் நான் 2 மணி 10 நிமிடத்துக்குக் கடை வாசலில் நின்றேன். உள்ளே ஒருவர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அன்று இரவு வெறும் சாதமும் ஊறுகாயும். நீங்கள் 22-ஆம் தேதியே வாங்கிவிடுங்கள், 23 வரிசை கடைசி அலமாரி வரை நிற்கும். மிகவும் தட்டுப்பாடானால் பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளும் பெட்ரோல் பங்கும் கைகொடுக்கும், விலைதான் அதிகம். மென்சா, அதாவது பல்கலைக்கழக உணவகம், நூலகம் இரண்டும் அநேகமாகப் புத்தாண்டு வரை மூடியிருக்கும்.

மருந்து தேவைப்பட்டால் எந்தக் கடையில் அவசரப் பணி என்று மூடிய மருந்துக்கடை வாசலிலேயே ஒட்டியிருப்பார்கள், 2.50 யூரோ கூடுதல் கட்டணம். அவசரமில்லாத உடல்நலக் குறைவுக்கு 116117, உயிருக்கு ஆபத்து என்றால் 112.

ஹாஸ்டலில் எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்களா? தனியாக இருந்தால் எப்படி இருக்கும்?

ஜெர்மன் பிள்ளைகள் அநேகமாக எல்லாரும் போய்விடுவார்கள். என் தளத்தில் 14 அறை, 24 இரவு வெளிச்சம் இருந்தது என் அறையிலும் கடைசி அறையிலும்தான். சமையலறையில் ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். மழை வேறு. பனி கொட்டும் என்று எதிர்பார்த்து வராதீர்கள், நாடு முழுக்க வெள்ளைக் கிறிஸ்துமஸ் கடைசியாக வந்தது 2010-இல்.

அந்தக் கடைசி அறையின் கதவைத் தட்ட எனக்கு 25 மாலை வரை தைரியம் வரவில்லை. இந்தோனேசியப் பெண், அவளும் இரண்டு நாளாகத் தட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாளாம். 20-ஆம் தேதியே யார் யார் இருக்கிறீர்கள் என்று தளத்துக் குழுவில் ஒரு வரி போட்டுவிடுங்கள். பல பல்கலைக்கழக ஊர்களில் ஈ.எஸ்.கே., கா.ஹா.கே. என்ற மாணவர் திருச்சபைக் குழுக்கள் ஊருக்குப் போகாதவர்களுக்காக 24 மாலை விருந்து வைப்பதுண்டு, மதம் கேட்க மாட்டார்கள், டிசம்பர் தொடக்கத்தில் பெயர் கொடுத்தால் போதும். மனசு ரொம்பப் பாரமானால் டெலிஃபோன்ஸேல்ஸோர்கே என்ற தொலைபேசி ஆறுதல் சேவை, 0800 1110111, இரவு பகல் எந்நேரமும், இலவசம். நெருக்கடி முற்றட்டும் என்று காத்திருக்க வேண்டாம், பேச ஆள் வேண்டும் என்றாலே கூப்பிடலாம்.

யாராவது என்னை வீட்டுக்குக் கூப்பிடுவார்களா? நானே கேட்டால் தப்பா?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். நவம்பர் கடைசியில் கூடப் படிப்பவரோ லேபில் இருப்பவரோ "வைனாக்டனுக்கு என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்பார். வைனாக்டன் என்றால் கிறிஸ்துமஸ். நாம் என்ன சொல்வோம்? "ஒன்றும் இல்லை, பரவாயில்லை, படிக்க நிறைய இருக்கிறது." நம் பழக்கத்தில் அது மரியாதை, எதிரே இருப்பவர் அதற்குள் ஒளிந்திருப்பதைப் புரிந்துகொண்டு வற்புறுத்துவார் என்று எதிர்பார்ப்போம். இவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். பரவாயில்லை என்றால் பரவாயில்லைதான், படிக்க வேண்டியவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று விட்டுவிடுவார்கள். நான் முதல் வருடம் மூன்று பேரிடம் பரவாயில்லை சொன்னேன். அதில் ஒருத்தி மறு வருடம் சொன்னாள்: உன்னைக் கூப்பிட அம்மா தயாராகத்தான் இருந்தார், உனக்குத் தனியாக இருப்பது பிடிக்கும் என்று நாங்கள் நினைத்துவிட்டோம்.

ஆகவே உள்ளதைச் சொல்லுங்கள். "நான் இங்கேதான் இருப்பேன், ஒரு வீட்டில் எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று பார்க்க ஆசை." இவ்வளவுதான், இது பிச்சை கேட்பது இல்லை. வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பார்கள், சாக்குச் சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், உண்மையாகவே கேட்பார்கள். 24 ரொம்ப நெருங்கிய வட்டம், அதனால் 25-க்கோ 26-க்கோ கூப்பிட்டால் குறைத்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். முடியாது என்றாலும் அது உங்களைப் பற்றியது இல்லை, பிரிந்த பெற்றோர், இரண்டு வீடு, பாட்டிக்கு உடம்பு முடியவில்லை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஆயிரம் இருக்கும். கூப்பிட்டால் முதல் முறையே சரி என்று சொல்லுங்கள். இரண்டு தரம் மறுத்து மூன்றாவது தரம் ஒத்துக்கொள்ளலாம் என்றிருந்தால், இரண்டாவது தரமே வராது.

கூப்பிட்டுவிட்டார்கள்! என்ன கொண்டு போவது, எத்தனை மணிக்குப் போவது?

நான் என்ன கொண்டு வரட்டும் என்று நேராகக் கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்றாலும் வீட்டுக்காரர்களுக்குப் பொதுவாக 10, 15 யூரோவுக்குள் ஏதாவது, நல்ல சாக்லேட்டோ பூவோ. பூவைச் சுற்றிய காகிதத்தை வாசலில் பிரித்துவிட்டுக் கொடுப்பது வழக்கம். வீட்டிலிருந்து கொண்டுவந்த சின்னப் பொருள் ஏதாவது மிச்சமிருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை, அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

3 மணி என்றால் 3 மணி. பத்து நிமிடம் முன்னால் போனால் தெருமுனையில் நில்லுங்கள். ரயில் தாமதமானால் உடனே செய்தி அனுப்புங்கள். 24 மாலைக்கு மேல் பல ஊர்களில் பேருந்தும் டிராமும் குறைந்துவிடும், சில இடங்களில் நின்றே போகும், அதனால் எப்படித் திரும்புவது, அங்கேயே தங்குவதா என்பதைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். ஷூவைக் கழற்ற வேண்டியிருக்கும், ஓட்டையில்லாத சாக்ஸ் போடுங்கள்.

அன்றைக்கு அந்த வீட்டுக்குள் என்னதான் நடக்கும்?

வீட்டுக்கு வீடு மாறும், நான் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டாம் வருடம், மேலே சொன்ன அதே தோழியின் வீடு, சாக்ஸனியில் ஒரு கிராமம். கேக்கும் காபியும் முடிந்து, ஒரு நடை போய்விட்டுத் திரும்பினோம். ஹால் கதவு சாத்தியிருந்தது, கண்ணாடிக்கு உள்பக்கம் போர்வை தொங்கியது. அவள் அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சமையலறையில் காத்திருந்தோம். உள்ளேயிருந்து ஒரு சின்ன மணிச் சத்தம், அவ்வளவுதான், கதவு திறந்தது. மின்விளக்கு ஒன்றுகூட இல்லை. மரத்தில் நிஜ மெழுகுவர்த்திகள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், மெழுகும் பைன் இலையும் கலந்த வாசனை. பிள்ளைகள் கத்துவார்கள் என்று நினைத்தேன், இரண்டும் வாயைத் திறக்காமல் நின்றன.

ஒவ்வொருவருக்கும் வால்நட், மாண்டரின், வீட்டில் சுட்ட பிஸ்கட் வைத்த ஒரு தட்டு. என் பெயர் எழுதிய தட்டும் அந்த வரிசையில் இருந்தது. பரிசைத் தருபவர் முன்னாலேயே, அப்போதே பிரிக்க வேண்டும், பையில் போட்டுக்கொண்டால் பிடிக்கவில்லையோ என்று நினைப்பார்கள். ஒருவர் பிரிக்க மற்றவர்கள் பார்ப்பார்கள், பொறுமையாக நடக்கும். எனக்குப் பாட்டி பின்னிய கம்பளிக் காலுறை. என் கால் அளவைத் தோழி நவம்பரிலேயே என் ஷூவைத் திருப்பிப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

நான் சைவம், பட்டினியா? குடிக்கவும் மாட்டேன்.

பட்டினி இல்லை, ஆனால் முன்கூட்டியே சொல்லுங்கள், தட்டு வந்த பிறகு சொன்னால் அவர்களுக்குத்தான் வருத்தம். 24 இரவு பல வீடுகளில் எளிய சாப்பாடுதான், உருளைக்கிழங்கு சாலடும் சாஸேஜும். வாத்து விருந்து 25-இல். கவனிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாததை. தெற்கே உருளைக்கிழங்கு சாலடில் இறைச்சி வேகவைத்த சாறு ஊற்றுவார்கள், வடக்கே மயோனைஸ், அதில் முட்டை. ரோட்கோல் என்ற சிவப்பு முட்டைக்கோஸைப் பல வீடுகளில் பன்றி அல்லது வாத்துக் கொழுப்பில் வதக்குவார்கள். சைவம் என்று மட்டும் சொல்லாமல் சாறு, கொழுப்பு, ஜெலட்டின் மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மது வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு முறை சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டார்கள். சந்தையில் கிண்டர்புன்ஷ் என்று கேட்டால் மது இல்லாத சூடான பழரசம். ஷ்டோலன் கேக்கின் திராட்சையைப் பெரும்பாலும் ரம்மில் ஊறவைப்பார்கள், அது உங்களுக்கு ஆகாது என்றால் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

நான் கிறிஸ்தவன் இல்லை, சர்ச்சுக்கு வா என்கிறார்கள். போகலாமா?

தாராளமாகப் போகலாம். வருடத்தில் அன்று மட்டுமே வரும் ஜெர்மானியர்களும் நிறைய. பிற்பகலில் பிள்ளைகள் நடிக்கும் குடில் நாடகம், இரவில் பெரிய வழிபாடு. எழும்போது எழுங்கள், பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கக் கோயிலில் அப்பம் வாங்க வரிசை நகரும்போது உட்கார்ந்தே இருக்கலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கடைசியில் காணிக்கைப் பை வரும், ப்ராட்டஸ்டன்ட் கோயில்களில் அன்றைய காணிக்கை "உலகுக்கு உணவு" என்ற பொருள்படும் ப்ரோட் ஃபூயர் தீ வெல்ட் அமைப்புக்குப் போகிறது, முடிந்ததைப் போடுங்கள். மனசுக்கு ஒப்பவில்லை என்றால் வீட்டில் இருந்து மேசை போட உதவுகிறேன் என்று சொல்லலாம், அதுவும் நல்ல பதில்தான்.

24 மாலை ஹோட்டலில் ஷிஃப்ட் எடுத்தால் இரட்டிப்புக்கு மேல் சம்பளமாமே?

பாதி உண்மை. 24 மதியம் 2 மணிக்கு மேலும் 25, 26-லும் செய்யும் வேலைக்கு அடிப்படைச் சம்பளத்தின் 150 சதவீதம் வரை கூடுதல் தொகைக்கு வரி கிடையாது. ஆனால் அது வரிச் சலுகை மட்டும், கூடுதல் தொகை கொடுத்தே ஆக வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்ற மாணவர் வேலை வரம்பில் இந்த நாட்களும் சேரும்.

பணம் நெருக்கடி என்றால் எடுங்கள், நானும் மூன்றாம் வருடம் எடுத்தேன். நெருக்கடி இல்லை, ஒரு வீட்டிலிருந்து அழைப்பும் இருக்கிறது என்றால், முதல் வருடம் எடுக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து.

குடியிருப்பு அட்டை முடியப்போகிறது. தோழன் வீடு ஆஸ்திரிய எல்லைக்கு அந்தப் பக்கம், போய்வரலாமா?

அட்டை செல்லுபடியாகும் வரை ஷெங்கன் நாடுகளுக்குப் போய்வரலாம், பாஸ்போர்ட்டையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். அட்டை முடிந்து, விண்ணப்பம் முடிவாகும் வரை தரும் தற்காலிகச் சான்றான ஃபிக்ட்ஸியோன்ஸ் தாள் கையில் இருந்தால், அதில் எந்தக் கட்டத்தில் குறி இருக்கிறது என்று பாருங்கள். குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு என்றால் பழைய உரிமை தொடர்கிறது, 3-ஆம் உட்பிரிவு என்றால் நாட்டை விட்டு வெளியே போகாதீர்கள், திரும்பி வருவது சிக்கல். சந்தேகம் இருந்தால் டிசம்பர் முதல் வாரமே வெளிநாட்டவர் அலுவலகத்தைக் கேளுங்கள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே அங்கே பதில் சொல்ல ஆள் கிடைப்பது கடினம்.

அந்த வீட்டில் யாராவது பெரியவர் வெளிநாட்டவர்களைப் பற்றி மனம் புண்படும்படி பேசினால்?

எனக்கு ஒருமுறை நடந்தது, நான்காம் வருடம், வேறு வீட்டில். ஒரு மாமா என்னிடம் இல்லை, என் தலைக்கு மேலாக, இங்கே இப்போது யார் வேண்டுமானாலும் வருகிறார்கள் என்றார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதில் சொன்னது அவருடைய மகள். நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், வாதாட வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். அது எனக்கு வலித்தது என்று ஒரு வரி அமைதியாகச் சொல்லலாம், எழுந்து சமையலறைக்குப் போகலாம், அழைத்தவரிடம் பிறகு தனியாகச் சொல்லலாம். மறைக்காதீர்கள்.

2019-இல் நியூரம்பர்க் சந்தையைத் திறந்துவைக்கும் கிறிஸ்ட்கிண்டாக, அதாவது பொன்முடியும் வெள்ளை உடையுமாக மாடத்தில் நிற்கும் தேவதை போன்ற கிறிஸ்துமஸ் உருவமாக, ஒரு 17 வயதுப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்பா இந்தியர். ஒரு கட்சியின் உள்ளூர்க் கிளை அவரைப் பழித்துப் பதிவு போட்டது, நாடு முழுவதும் எதிர்ப்புக் கிளம்பி அந்தப் பதிவை எடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெண் மாடத்தில் நின்று சந்தையைத் திறந்தார். அந்த மாமாவும் இந்த ஊர்தான், அவர் மகளும் இந்த ஊர்தான்.

அம்மா வீடியோ காலில் எல்லாவற்றையும் காட்டச் சொல்கிறாங்க. காட்டலாமா?

கேட்டுவிட்டு. மணி அடித்துக் கதவு திறக்கும் நேரத்தில் வேண்டாம், அந்தச் சில நிமிடங்கள் அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று மேலே சொன்னேன். பிள்ளைகள் முகம் தெரியும் படத்தை எங்கேயும் போடாதீர்கள், பெற்றோர் அனுமதி இல்லாமல் கூடவே கூடாது. சாப்பிட்டு முடித்த பிறகு, ஊரில் நள்ளிரவு ஆகாமல் இருந்தால், அம்மாவுக்குக் காட்டட்டுமா என்று கேளுங்கள்.

நான் 25 காலையில் கேட்டேன். தோழியின் அம்மா என் கையிலிருந்து போனை வாங்கி மரத்தைக் காட்டினார், தட்டுகளைக் காட்டினார், என் காலில் இருந்த காலுறையைக் காட்டினார். அவர் பேசியது ஜெர்மன், எங்கள் அம்மா பேசியது தமிழ். நடுவில் மொழிபெயர்க்கப் போனேன், இரண்டு பேருமே என்னைக் கவனிக்கவில்லை. சாப்பிட்டாளா என்று அம்மா கேட்டது மட்டும் எப்படியோ அவருக்குப் புரிந்துவிட்டது, என் காலித் தட்டை எடுத்துக் காமிராவுக்கு நேராகப் பிடித்தார்.